கோ, வென்ட், கான்: ஒரு சின்ன வினைச்சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு ஒன்று நடத்துகிறேன். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக நினைக்கிறவர்கள், கடைக்காரர்கள், அமெரிக்காவில் பிறந்த பேத்தியோடு போனில் பேச வேண்டும் என்று வருகிற ஒரு பாட்டி என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் எங்கேயாவது 'கோ'வில் வண்டி நின்றுவிடும். கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தப் பக்கத்தில் வரும் ஆங்கிலக் 'கோ'வை 'கோவில்' மாதிரி வாசிக்கக் கூடாது, 'கோபுரம்' மாதிரி வாசிக்க வேண்டும்.

கோ-ன்னா "போ". இதுல கேட்க என்ன சார் இருக்கு?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஆங்கிலத்தில் பால் கெட்டால் கோ, மணி அடித்தால் கோ, பாட்டின் அடுத்த வரியைக் கேட்டால் கோ, நாளைக்கு மழை வரும் என்றால்கூட கோ. சின்னச் சொற்களுக்குத்தான் வேலை அதிகம். 'ஓடு' என்று நாம் படிக்கிற 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக 645 பொருள்களைப் பிரித்து எழுதினார் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர். அதற்கு அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. கோ-வும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பயப்பட வேண்டாம். நம்முடைய 'போ'வும் கிட்டத்தட்ட இவ்வளவு வேலையையும் செய்கிறது. தினமும் பேசுகிற பேச்சு என்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சன் ஆகிய குழுக்கள் கடல் கடந்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்த பழைய சரக்கு இது. கடன் வாங்கிய சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'காஅன்' என்று இருந்தது. அளபெடை போட்டால்தான் அந்த நீட்டம் வரும். டச்சில் இன்றைக்கும் 'ஹான்' போல ஒரு ஒலியோடு இருக்கிறது, ஜெர்மனில் 'கேயன்', சுவீடனில் 'கோ'.

'ஆ' எப்படி 'ஓ' ஆனது என்று ஒரு கடைக்காரர் கேட்டார். அது இந்தச் சொல்லுக்கு மட்டும் நடக்கவில்லை. கல்லைக் குறிக்கும் 'ஸ்டாஅன்' ஸ்டோன் ஆனது, 'ஹாஅம்' ஹோம் ஆனது, 'பாஅன்' போன் ஆனது, அதாவது எலும்பு. தெற்கு இங்கிலாந்தில் அந்த நெடில் மொத்தமாக ஓகாரத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. வடக்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் அதில் சேரவில்லை; அவர்கள் பேச்சில் 'கே' என்றே ஒரு வடிவம் உண்டு.

கோ-வோட பாஸ்ட் டென்ஸ் ஏன் "கோட்" இல்ல? வென்ட் எங்கேருந்து குதிச்சுது?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

வென்ட் வேறு வீட்டுப் பிள்ளை. 'வெண்டு' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. திரும்பு, திருப்பு, ஒரு பக்கமாகத் திரும்பி நட என்று பொருள். அதன் இறந்தகாலம்தான் வென்ட். இந்த வாய்பாடு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: அனுப்பு என்ற செண்டு, சென்ட் ஆகும், கடன் கொடு என்ற லெண்டு, லென்ட் ஆகும், செலவழி என்ற ஸ்பெண்டு, ஸ்பென்ட் ஆகும். அதே வரிசையில் வெண்டு, வென்ட். காற்றாடி நூலைச் சுற்றுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போன்றவற்றுக்குச் சொல்கிற 'வைண்டு' இதற்கு நெருங்கிய உறவு.

சரி, கோ-வுக்குச் சொந்தமாக ஒரு இறந்தகாலம் இருந்திருக்குமே என்றால், இருந்ததாக எங்கும் பதிவே இல்லை. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசர் காலத்து எழுத்தர்கள்கூட 'போனான்' என்பதற்கு 'ஏஓடெ' என்று எழுதினார்கள். அதுவும் கோ-விலிருந்து பிறந்தது இல்லை. வேறொரு வேரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஏஓடெ தேய்ந்து 'யேடு' ஆகி, நாளாக ஆக ஆட்களுக்குப் பிடிபடாத சொல்லாகிவிட்டது. அந்த இடத்துக்குத்தான் வென்ட் வந்தது. 1500 வாக்கில் தெற்கு இங்கிலாந்தில் அது நாற்காலியை முழுசாகப் பிடித்துவிட்டது. ஆக, கோ ஒரு முறை அல்ல, இரண்டு முறை இரவல் வாங்கியிருக்கிறது.

பிள்ளையைத் தத்துக் கொடுத்த வெண்டு என்ன ஆனது? அது 'வெண்டட்' என்று புதிதாக ஒரு இறந்தகாலம் செய்துகொண்டு ஓரமாக ஒதுங்கிவிட்டது. இன்றைக்குக் கதைப் புத்தகங்களில் யாராவது வளைந்து வளைந்து வழி பிடித்துப் போகும்போது மட்டும் தலை காட்டும்.

இப்படி இன்னொரு சொல்லை இரவல் வாங்கறது இங்கிலீஷ்ல மட்டும்தானா?

இல்லை. நல்லது என்ற 'குட்', 'பெட்டர்' ஆவதும் இதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், பல மொழிகளில் குறிப்பாக இந்தப் 'போ'வுக்குத்தான் இந்த நோய் வருகிறது. இந்தியில் போகிறான் என்பது 'ஜாதா', போனான் என்பது 'கயா'. ஜா எங்கே, கயா எங்கே! பிரெஞ்சில் 'நான் போகிறேன்' என்பதில் 'வே', 'நாம் போகிறோம்' என்பதில் 'அலோன்', 'நான் போவேன்' என்பதில் 'இரே' என்று ஒரே வினைக்குள் மூன்று வெவ்வேறு வேர்கள். ஸ்பானிஷ் இன்னும் மேலே போய், 'ஃபுயி' என்ற ஒரே சொல்லுக்கு 'நான் போனேன்', 'நான் இருந்தேன்' என்று இரண்டு பொருள் வைத்திருக்கிறது.

நாள் முழுக்க வாயில் புரள்கிற சொற்களுக்கு விதி தேவைப்படுவதில்லை, மனப்பாடமே போதும். அதனால்தான் அவை இப்படி ஒழுங்கு கெட்டுத் திரிய முடிகிறது. அபூர்வமான சொல் இப்படி இருந்தால் அடுத்த தலைமுறையே அதைச் சரிசெய்துவிடும். தமிழ்ப் 'போ' இந்த விஷயத்தில் பரவாயில்லை. போனான், போயிற்று, போச்சு என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் வீடு மாறவில்லை.

அப்போ "கமனம்", "ஆகமம்"ல இருக்கற கம், கோ-வோட சொந்தமா? ரெண்டுமே போறதுதானே?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டது. பொருளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சமஸ்கிருதத்தின் 'கம்' என்ற வேருக்கு ஆங்கிலத்தில் உறவு கோ இல்லை. 'வா' என்கிற 'கம்'. ஒலியில் ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்கிற இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர், ஒரு பக்கம் வருவதாகவும் இன்னொரு பக்கம் போவதாகவும் பொருள் பிரிந்தது. சங்கமம், ஆகமம், கதி எல்லாம் அந்தக் குடும்பம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ஈவென்ட், அட்வென்ச்சர், கன்வென்ஷன் எல்லாமும் அதே குடும்பம்.

அங்கே 'க' ஒலி மென்மையாக இருந்தால் இங்கே வல்லினமாக வரும் என்பது இந்த மொழிகளுக்கிடையே ஒரு விதி. சமஸ்கிருதத்தில் பசு 'கோ', ஆங்கிலத்தில் 'கவ்'. அதுவும் ஒரே சொல்தான். ஆக, ஆங்கிலக் கோ-வுக்கும் கோமாதாவுக்கும் சம்பந்தம் இல்லை, கவ்-வுக்கும் கோமாதாவுக்கும் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: முந்தின பதிலில் பார்த்த இந்திக் 'கயா' இந்தக் கம்-மிலிருந்து வந்தது. அதனால் இந்தியில் 'போனான்' என்ற சொல், ஆங்கிலத்தில் 'வந்தான்' என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

"ஹி ஹேஸ் கான் டு மதுரை", "ஹி ஹேஸ் பீன் டு மதுரை". ரெண்டுமே "மதுரைக்குப் போயிருக்கார்"தானே?

தமிழில் அப்படித்தான், பிரச்சினையே அங்கேதான். 'போயிருக்கிறார்' என்று நாம் சொல்வதில், இப்போது அங்கே இருக்கிறாரா அல்லது எப்போதோ போய்விட்டு வந்துவிட்டாரா என்பது இடத்தைப் பார்த்துத்தான் புரியும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். கான் என்றால் ஆள் இங்கே இல்லை. பீன் என்றால் போய்த் திரும்பியாகிவிட்டது, மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு.

என் மாணவர் ஒருவர் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்கிறார். வெளிமாநிலத்திலிருந்து ரயிலில் வந்திறங்கிய ஒருவர் போன் செய்தார். முதலாளி எங்கே என்று கேட்டதற்கு 'ஹி ஹேஸ் பீன் டு சேலம்' என்றிருக்கிறார். சேலம் போய் வந்துவிட்டார் போல என்று அந்த மனிதர் ரயில் நிலையத்திலிருந்து நேராக ஆபீஸுக்கு வந்து மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இவர் கான்-ஐ மறப்பதில்லை.

"த்ரீ இயர்ஸ் அகோ"-ல இருக்கற கோ-வும் இதே கோ-வா?

அதேதான். 'அகான்' என்று ஒரு வடிவம் இருந்தது. கழிந்துபோன என்று பொருள். அதன் வால் தேய்ந்து அகோ ஆனது. 'மூன்று வருஷம் போன பிறகு இப்போது' என்கிற கணக்கு. நாமும் போன வாரம், சென்ற ஆண்டு என்றுதானே சொல்கிறோம்! மற்ற முன்னிடைச் சொற்களெல்லாம் பெயருக்கு முன்னால் நிற்க, அகோ மட்டும் ஏன் பின்னால் நிற்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அது முன்னிடைச் சொல்லே இல்லை, பழைய எச்சம்.

"ஐயாம் கோயிங் டு ஈட்"-ங்கறான். சேர்ல உட்கார்ந்துட்டு எங்கே போறான்?

நீங்கள் 'சாப்பிடப் போறேன்' என்று சொல்லும்போது எங்கே போகிறீர்கள்? அதே இடத்துக்குத்தான்.

முதலில் நிஜமாகவே கால் நடந்த வாக்கியமாகத்தான் இது இருந்திருக்கும். 'ராஜாவைப் பார்க்கப் போகிறேன்' என்றால் நடையும் இருக்கிறது, நோக்கமும் இருக்கிறது. நடை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்து நோக்கம் மட்டும் நின்றது. பிறகு நோக்கமும் கழன்று 'இனிமேல் நடக்கும்' என்கிற வெறும் காலம் மட்டும் மிஞ்சியது. 'மழை வரப் போகுது' என்பதில் மழைக்குக் காலும் இல்லை, நோக்கமும் இல்லை. ஆங்கிலத்தில் இந்தப் பழக்கம் 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில் தலைகாட்டுகிறது, 17ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் கவனித்து எழுதிவைக்கும் அளவுக்குப் பரவிவிட்டது. பிரெஞ்சும் ஸ்பானிஷும் இதையே செய்கின்றன. ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. நாளை என்பது நடந்துபோய்ச் சேர வேண்டிய இடம் என்று எல்லா ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

ஒரே ஒரு வித்தியாசம். நாம் 'சாப்பிடப் போகிறேன்' என்று சும்மா நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த 'இங்' கட்டாயம். 'ஐ கோ டு ஈட்' என்றால் அது மெஸ்ஸுக்கு நடக்கிற கதையாகிவிடும்.

சினிமாவுல "கானா"ங்கறாங்களே, அது தப்பு இங்கிலீஷா?

கோயிங் டு என்பதைச் சுருக்கி உச்சரிப்பது. பேச்சில் தப்பே இல்லை, விண்ணப்பக் கடிதத்தில் எழுதாதீர்கள். நம் 'போகிறேன்' பேச்சில் 'போறேன்' ஆவதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'ஐயாம் கானா ஈட்' என்று சொல்லலாம், 'ஐயாம் கானா மதுரை' என்று எந்த ஆங்கிலேயனும் சொல்ல மாட்டான். ஊருக்குப் போகிற கோயிங் டு சுருங்காது. காலம் காட்டுகிறது மட்டும்தான் சுருங்கும். ஒரே உருவில் இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சென்னைக் கானாப் பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அதையும் ஒருவர் கேட்டுவிட்டார்.

பால் "கோன் பேட்"னு எழுதியிருந்தாங்க. கெட்டுப்போறதுக்கு எதுக்கு கோ?

முதலில், அது கான் பேட். அப்புறம், உங்கள் கேள்வியையே இன்னொரு தடவை வாசியுங்கள். 'கெட்டுப்போறது' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஆங்கிலத்தில் பைத்தியம் பிடித்தால் கோ மேட், கண் தெரியாமல் போனால் கோ பிளைண்டு, திவாலானால் கோ பேங்க்ரப்ட், தலை வழுக்கையானால் கோ பால்டு. நமக்கு உடைந்துபோச்சு, ஏமாந்துபோனேன், செத்துப்போனார், பயந்துபோனாள். இரண்டிலும் ஒரே எண்ணம்: சரியான நிலை என்பது நாம் நிற்கிற இடம், கெட்டது என்பது இங்கிருந்து விலகிப்போவது. அதனால் நல்லது நடந்தால் திரும்பி 'வர' வேண்டும். கனவு பலித்தால் ஆங்கிலத்தில் கம் ட்ரூ. மயங்கியவன் விழித்தால் 'கேம் டு' என்பார்கள். நாம் நினைவு வந்தது என்கிறோம்.

இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. இருட்டில் ஒரு குரல்: 'சார், த கரண்ட் ஹேஸ் கான்.' பத்து நிமிஷம் கழித்து ட்யூப்லைட் இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து 'கேம்!' என்று கத்தினார்கள். நான் விளக்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை.

இதற்கு மீறல்களும் உண்டு. வீடியோ ஒன்று 'கோ வைரல்' ஆவதும், கைதி 'கோ ஃப்ரீ' ஆவதும் கெடுதல் இல்லை. வழக்கமான நிலையிலிருந்து விலகுவது என்று எடுத்துக்கொண்டால் இவையும் பொருந்தும்.

"உங்க வீட்டுக்கு வரேன்"னு சொல்ல ஐயாம் கோயிங்-ஆ, கமிங்-ஆ?

கமிங். தைரியமாகத் தமிழில் யோசித்துச் சொல்லுங்கள், தப்பாகாது. கேட்பவர் இருக்கிற இடத்துக்குப் போனால் வா, மூன்றாம் ஆள் இடத்துக்குப் போனால் போ. நமக்கு இது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற இயலில் செல், வா, தா, கொடு என்ற நான்கையும் எடுத்துவைத்து, தா-வும் வா-வும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று வரையறுத்திருக்கிறார். ஆங்கிலக் கோ, கம் இரண்டையும் பிரிக்க இந்த ஒரு விதி போதும்.

எல்லா மொழியும் இப்படி இல்லை. ஸ்பானிஷ்காரரைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டால் உள்ளேயிருந்து 'வோய்' என்பார், அதாவது 'போகிறேன்'. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது போவதுதானே.

கிளம்பும்போது "போய்ட்டு வரேன்"-ஐ எப்படிச் சொல்றது?

சொல்ல முடியாது. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று தமிழர்கள் இருக்கிற ஊர்களில் எல்லாம் காதில் விழும். இங்கே எல்லோருக்கும் புரியும். லண்டனில் 'எங்கே போய், எப்போது வருவீர்கள்?' என்று கேட்பார்கள். அங்கே வெறும் பை சொன்னால் போதும். 'போகிறேன்' என்று சொல்ல வாய் வராததற்கான காரணம் நமக்குத் தெரியும். அவர்களுக்கும் அது தெரியாமல் இல்லை. 'ஹி இஸ் கான்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் இறந்துவிட்டார் என்றுதான் பொருள்.

கோ டு ஸ்கூல், கோ டு த பேங்க், கோ ஹோம். எதுக்கு "டு", எதுக்கு "த", ஒண்ணுமே புரியல.

வீட்டை முதலில் முடித்துவிடுவோம். 'வீட்டுக்கு' என்பதில் 'கு' இருப்பதால் நம் கை தானாக 'கோ டு ஹோம்' என்று எழுதிவிடும். பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை இருந்தது. 'ஹாஅம்' என்று இரண்டாம் வேற்றுமையில் சொன்னாலே வீட்டை நோக்கி என்று பொருள் வந்துவிடும், தனியாக டு தேவைப்படவில்லை. வேற்றுமைகள் உதிர்ந்துபோன பிறகும் ஹோம் மட்டும் அந்தப் பழைய சலுகையை விடாமல் வைத்திருக்கிறது. பேச்சில் நாமும் 'மதுரை போனேன்', 'கோயில் போய்ட்டு வந்தேன்' என்று 'கு'வை முழுங்குகிறோமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

'த' விஷயம் வேறு. பையன் படிக்கப் போனால் கோ டு ஸ்கூல். அப்பா ஃபீஸ் கட்டப் போனால் கோ டு த ஸ்கூல். குற்றவாளி கோ டு ப்ரிசன், அவனைப் பார்க்கச் சாப்பாட்டுத் தூக்கோடு போகிற அம்மா கோ டு த ப்ரிசன். அந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலைக்குப் போனால் 'த' கிடையாது. பேங்க், ஆபீஸ், கடை எல்லாம் இந்தச் சலுகைக்குள் வராது, எப்போதும் 'த' வேண்டும்.

"கோ ஃபார் ஷாப்பிங்" தப்பா? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?

தப்பு. கோ ஷாப்பிங், கோ ஸ்விம்மிங், கோ ஃபிஷிங். முன்பு 'கோ ஆன் ஹன்ட்டிங்' என்று ஒரு இடைச்சொல் இருந்தது. அது 'அ-ஹன்ட்டிங்' என்று தேய்ந்து, பிறகு அந்த 'அ'வும் போய்விட்டது. அந்தக் காலி இடத்தில் நாம் ஃபார் போட்டு நிரப்புகிறோம். 'கோ ஃபார் அ வாக்' சரி, ஏனென்றால் வாக் அங்கே பெயர்ச்சொல்.

"வாட் ஐ சே கோஸ்"னா நான் சொல்றது போயிடுமா?

நேர்மாறு. நான் சொன்னதுதான் நடக்கும் என்று அர்த்தம். 'போ'வை விட்டுவிட்டு 'செல்'லை எடுத்துப் பாருங்கள், உடனே திறக்கும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் 'செல்லாது' என்றார்களே, எங்கே செல்லாது? கைவிட்டுக் கை செல்லாது. செல்கிற காசு மதிப்புள்ள காசு, செல்கிற வாக்கு மதிப்புள்ள வாக்கு. அதற்குத்தான் செல்வாக்கு என்று பெயர். 'வாட் ஐ சே கோஸ்' என்ற நான்கு சொல்லை நாம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வருவது இன்கம், வெளியே போவது அவுட்கோயிங்ஸ். நம் கணக்கு நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. செல்வதால் செலவு. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். தலைவன் ஊரை விட்டுக் கிளம்பிய அதே சொல்லில்தான் மாதக் கடைசியில் நம் சம்பளமும் கிளம்புகிறது.

ஏலத்துல "கோயிங், கோயிங், கான்"?

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மொழிபெயர்க்க வேண்டாம், இதுதான் அது.

கேங், கேங்மேன் எல்லாம் கோ-விலிருந்து வந்ததா?

இல்லை, பக்கத்து வீடு. பழைய ஆங்கிலத்தில் 'கேங்' என்றாலும் நடை, வழி என்றுதான் பொருள். காஅன் ஒரு வேர், இது வேறொரு வேர்; இரண்டும் ஒரே வேலையைச் செய்துவந்தன. கப்பலில் ஏறி இறங்குகிற கேங்வேயில் அந்தப் பழைய நடை இன்னும் இருக்கிறது. ஒன்றாக நடந்துபோகிற ஆட்கள் என்ற பொருள் பிறகு வந்தது. முதலில் வேலைக் கூட்டம், அப்புறம்தான் ரவுடிக் கூட்டம். ரயில் தண்டவாளத்தில் சுத்தியலோடு நடக்கிற கேங்மேன் அந்த முதல் பொருளுக்குச் சொந்தக்காரர்.

பசங்க பேசும்போது "அண்ட் ஹி கோஸ், வாட்?"ங்கறாங்க. யார் எங்கே போனது?

யாரும் போகவில்லை. 'அவன் "என்ன?"ங்கறான்' என்று அர்த்தம். சத்தத்துக்குக் கோ போடுவது பழைய வழக்கம்: மணி கோஸ் டிங் டாங், மாடு கோஸ் மூ. மாட்டுக்குப் போட்டதை மனிதனுக்கும் போட்டுவிட்டார்கள். கதை சொல்லும்போது முகபாவத்தோடு நடித்துக் காட்ட வசதியாக இருக்கிறது. நண்பர்களிடம் பேசலாம், நேர்முகத் தேர்வில் வேண்டாம்.

"இட் கோஸ் வித்தவுட் சேயிங்"?

சொல்லவே வேண்டாம் என்பதற்கு. இது ஆங்கிலத்தில் முளைத்தது இல்லை, பிரெஞ்சுத் தொடர் ஒன்றை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியது. அதனால்தான் கோ அங்கே கொஞ்சம் பொருந்தாமல் நிற்கிறது.

ஜப்பான் "கோ" விளையாட்டு, கூகுள் "கோ" மொழி?

முதலாவதற்குச் சம்பந்தம் இல்லை. சீனாவில் பிறந்து ஜப்பானில் 'இகோ' என்ற பெயர் பெற்ற கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டம் அது. 2016இல் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என்று தோற்கடித்ததே, அதே ஆட்டம். இரண்டாவது 2009இல் கூகுள் வெளியிட்ட நிரல்மொழி. நம் ஆங்கிலக் கோ-தான்.

என் பொண்ணு நல்லா "வென்ட்"னு சொல்லிட்டிருந்தா. இப்போ திடீர்னு "ஐ கோட்"ங்கறா. மறந்துட்டாளா?

மறக்கவில்லை, முன்னேறியிருக்கிறாள். மூன்று வயதில் வென்ட் என்றது கேட்டதைத் திருப்பிச் சொன்னது. இப்போது இறந்தகாலத்துக்கு ஒரு விதி இருக்கிறது என்பதைத் தானாகக் கண்டுபிடித்து, அதை எல்லாவற்றுக்கும் மாட்டிப் பார்க்கிறாள். ஆங்கிலம் பேசுகிற வீட்டுக் குழந்தைகளும் இப்படித்தான் செய்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலை ஒரு தடவை பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கோ தனக்குச் சொந்தமாகச் செய்துகொள்ளாத ஒன்றை உங்கள் பெண் ஒரு மத்தியானத்தில் செய்துகொடுத்திருக்கிறாள். திட்டாதீர்கள். அவள் 'கோட்' என்றால் நீங்கள் இயல்பாக 'ஓ, யூ வென்ட்?' என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

இதைக் கேட்ட அம்மா போன வாரம் அந்தக் குழந்தையையும் வகுப்புக்கு அழைத்து வந்திருந்தார். கடைசி பெஞ்சில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். 'வி வென்டட் டு பீச்' என்றாள்.